பேசுங்கள், பேர் வேண்டாம்

மேயர் வல்சானோவ் செத்துப்போனார் என்று திரெனோவிட்சா ஊர் ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பியது. ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. நகரசபை வாசலிலும், பேருந்து நிறுத்தத்திலும், ரொட்டிக்கடை மரத்திலும் அவர் படம் ஒட்டியிருந்தது. கழுத்தில் டை, முகத்தில் சாந்தம், நாலு பக்கமும் தடித்த கறுப்பு ஓரம். இந்த ஊரில் அப்படி ஒரு தாளில் ஏறியவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஒருவர் போய்ச்சேர்ந்தால் அன்றைக்கே அஞ்சலித் தாள் ஒட்டிவிடுவார்கள். பிறகு நாற்பதாம் நாளுக்கு ஒன்று, மூன்றாம் மாதத்துக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. ரொட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் மரத்தைப் படித்துவிட்டுத்தான் வரிசையில் நிற்பார்கள். செய்தித்தாள் விற்காத ஊரில் அந்த மரத்துக்கு மட்டும் வாசகர் பஞ்சம் வந்ததில்லை.

மேயரின் படத்தைப் பார்த்ததும் கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற அளவுக்கு யாருக்கும் துக்கம் இல்லை. பத்து மணிக்குள் நகரசபைப் படிக்கட்டில் செவ்வந்திப் பூக்கள் சேர்ந்துவிட்டன. சாவுக்கு வைப்பதுபோல் எல்லாம் இரட்டைப்படையில். பதினொரு மணிக்கு மேயர் காரை விட்டு இறங்கினார். தொப்பியைக் கழற்றி நின்றிருந்த ஒரு கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மேயர் நேரே எதிரே இருந்த நெத்காவின் ஜெராக்ஸ் கடைக்குள் பாய்ந்தார். ஊரின் அஞ்சலித் தாள்களை அச்சடிப்பதும், பசை வாளியோடு போய் ஒட்டுவதும் அவள்தான்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? ஊரே எனக்கு அழுதுக்கிட்டு இருக்கு!"

"யாரும் அழலைங்க ஐயா, பூ மட்டும்தான் வச்சாங்க. தலைநகர் சோஃபியாவிலிருந்து எப்படி வந்துதோ அப்படியே அடிச்சேன். கறுப்பு ஓரமான்னு உங்க ஆபீஸ்ல கேட்டேன். புது டிசைன்னாங்க."

"ஓரத்தை மாத்து. பச்சை போடு."

"பச்சை போட்டா துருக்கிக்காரங்க வீட்டுச் சாவு."

"சரி, நீலம்."

"நீலம் சின்ன வயசுல போறவங்களுக்கு. ஊர்ல சிரிப்பாங்க."

"சிவப்பு?"

"சிவப்பு உங்க பழைய கட்சி ஐயா."

மேயர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஓரமே இல்லாமல் அச்சடிப்பது என்று முடிவானது. அப்போதுதான் ஊர் முதல்முறையாகப் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தது: 'குற்றம் கண்டீர்களா? பேசுங்கள், பேர் வேண்டாம்.' அதற்கும் கீழே ஒரு தொலைபேசி எண்.

நெத்கா அந்தத் தாள்களை ஊர் முழுக்க ஒட்டினாள். ரொட்டிக்கடை மரத்தில் ஒட்டும்போது மட்டும் கொஞ்சம் நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன் மின்கோவின் மூன்றாம் மாதத் தாள் இருந்தது. மேயரின் தாளை அதற்கு ஒட்டினாற்போல, விளிம்பு இடிக்கும்படி வைத்துத் தூரிகையால் நீவினாள். கடவுளிடம் வேண்டிக்கொள்ளும் பழக்கம் இல்லாதவள். அன்றைக்கு ஒரு தொலைபேசி எண்ணிடம் வேண்டிக்கொண்டாள்.

மார்ச் மாதம் திராட்சைக் கொடி கவாத்து முடித்துவிட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த மின்கோவை ஒரு வண்டி அடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது. 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று போலீஸ் எழுதிக்கொண்டது. போலீஸ்காரர்கள் நீங்கலாக ஊரில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்திருந்தது. ஏன், போலீஸ்காரர்களுக்கும் சீருடையைக் கழற்றிவிட்டால் தெரியும். மரக் குத்தகைக்காரன் கன்ச்சோவின் கறுப்பு ஜீப் அது. கன்ச்சோ மேயருக்கு மச்சினன். மறுநாள் ஜீப் காணாமல் போனது. ஒரு வாரம் கழித்து, புது முகவிளக்கும் கரும்பச்சைப் பெயின்ட்டுமாக, ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்ததுபோல் திரும்பி வந்தது. இடையில் மின்கோவின் அடக்கத்துக்கு வந்த மலர் வளையங்களிலேயே பெரியது கன்ச்சோவுடையது. அவனே தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். பதினைந்து வருடத்தில் அவன் ஊருக்குள் நடந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தொலைபேசித் திட்டத்தின் தொடக்க விழா வாசகசாலை மண்டபத்தில் நடந்தது. ஹாலந்திலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். வெளிச்சமான முகம், யாரைப் பார்த்தாலும் கை குலுக்குகிற உற்சாகம். குற்றத்தை ஒழிப்பது போலீஸ் அல்ல, வாய்திறக்கும் குடிமகனே என்று அரை மணி நேரம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கன்ச்சோ எல்லோருக்கும் முந்திக் கைதட்டினான். வெளியே சுட்டுக்கொண்டிருந்த இறைச்சியும் ராக்கியா என்கிற பிளம் சாராயமும் அவன் உபயம்.

முடிவில் நிபுணர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் பார்த்ததைப் பயமில்லாமல் சொல்வீர்களா?"

மண்டபம் முழுக்க ஒரே ஆளாகத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. நிபுணருக்குக் கண் கலங்கிவிட்டது. 'மக்களின் முழு ஆதரவு' என்று குறித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'மாட்டேன்' என்று அர்த்தம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பேர் சொல்லாமலாவது சொல்லியிருக்கலாம்.

நெத்காவுக்கு ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆள் பக்கத்து வீட்டுச் சோன்கா. அவள் வீட்டு மாடியில் நின்றால் கன்ச்சோவின் முற்றம் அப்படியே தெரியும். முன்பக்கம் நசுங்கிய ஜீப்புக்குக் கன்ச்சோ தார்ப்பாய் போர்த்தியதைச் சோன்கா கண்ணால் பார்த்திருந்தாள். நெத்காவின் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் காதோடு காதாகச் சொல்லியும் இருந்தாள்.

"இப்பத்தான் பேர் வேண்டாம்னுட்டாங்களேக்கா. ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

"எம் பையன் கன்ச்சோவோட மரவாடியில வேலை செய்றான்டி."

"பேர் சொன்னாத்தானே பையன்? பேரே இல்லாதவளுக்கு ஏதுக்கா பையன்?"

சோன்கா ரெண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கூப்பிட்டாள். கூப்பிட்ட கையோடு நெத்கா வீட்டுக்கு வந்து, நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள்.

"சால்வையை ரெண்டா மடிச்சு ரிசீவர் மேல போட்டுக்கிட்டேன். ஆம்பளை மாதிரித் தொண்டையைக் கட்டிக்கிட்டு 'ஹலோ'ன்னேன். ஒரே ஒரு ஹலோ! உடனே அந்தப் பக்கம், 'சொல்லுங்க சோன்காக்கா, முட்டி வலி எப்படி இருக்கு?'ங்கறான்."

"யாரு?"

"வேற யாரு, நம்ம ஏட்டு கத்யோ! அவனைத்தான் போன்ல உக்கார வச்சிருக்காங்க. ஊர்ல இருமினாக்கூட யார் இருமினதுன்னு சொல்லிடுவானே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மழைக்காத்து பட்டா குத்துதுடா தம்பின்னேன்."

"அக்கா!"

"இருடி. அப்புறம், கன்ச்சோ வீட்டுச் சேவல் விடியறதுக்கு முன்னாடியே கத்துதுன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். சேவல் வரைக்கும் வந்துட்டேன் நெத்கா. அதுக்கு மேல நாக்கு நகரமாட்டேங்குது."

மறுநாள் ரொட்டிக்கடை வரிசையில் கன்ச்சோ சோன்காவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். "சேவலை அறுத்துட்டேங்க்கா. இனிமே நிம்மதியாத் தூங்குங்க. பையன் சௌக்கியமா வேலைக்கு வர்றான், கவலைப்படாதீங்க" என்றான். அன்றையிலிருந்து சோன்கா மாடிச் சன்னலுக்குத் திரை போட்டுவிட்டாள்.

ஆனால் தொலைபேசி சும்மா இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கன்ச்சோ என்ற பேர் வராத எல்லாத் திசையிலும் ஊர் வாயைத் திறந்துவிட்டது. பின்தெருவில் ஒருத்தன் மின்சார மீட்டரில் காந்தம் வைத்திருக்கிறான். பாதிரியார் பாதி எரிந்த மெழுகுவர்த்திகளை உருக்கித் திரும்ப விற்கிறார். கசாப்புக்கடைக்காரன் தராசில் கறியோடு கட்டை விரலையும் நிறுக்கிறான். லைசென்ஸ் இல்லாமல் ராக்கியா காய்ச்சுகிறவனைப் பற்றி ஒருவர், காய்ச்சின இடத்திலிருந்தே, நாக்குக் குழறக் குழறப் புகார் சொன்னார். இத்தனை நாள் வேலி ஓரத்தில் வீணாகப் போய்க்கொண்டிருந்த விரோதமெல்லாம் அரசாங்கச் செலவில் பதிவானது.

மாதக் கடைசியில் அறிக்கையை நகலெடுக்கக் கத்யோ கடைக்கு வந்தான். மின்கோவை அவன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அவன் பெண்ணுக்கு ஞானத்தந்தை மின்கோதான்.

"எங்க வீட்டு விஷயமா யாராவது...?" என்றாள் நெத்கா, இயந்திரத்தின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி.

"இல்ல அண்ணி."

"எப்படி வரும்? கூப்பிட்டவங்களை நீ பேர் சொல்லி விசாரிச்சா?"

"நான் கேக்கறதே இல்ல. அவங்க சொல்றதும் இல்ல. குரல் சொல்லிடுது, நான் என்ன பண்றது? பேசறது நம்ம அக்கான்னு தெரிஞ்சும் முட்டியைப் பத்திக் கேக்காம இருந்தா மரியாதையா?"

"அந்த நாற்காலியில ஊர் தெரியாத ஒருத்தனை உக்கார வைக்கக் கூடாதா?"

"நானே மேயர்கிட்டச் சொன்னேன். வெளியாளை எப்படிய்யா நம்பறதுன்னாரு."

இயந்திரம் பச்சை வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போனது.

"உனக்குத் தெரியாதா கத்யோ, யாருன்னு?"

கத்யோ தொப்பியைக் கையில் சுழற்றினான். "தெரியறது வேற, தகவல் வேற அண்ணி. பார்த்த ஒரு ஆளு வேணும். பேரு, விலாசம், கையெழுத்தோட."

"பேர் வேண்டாம்னு நான்தானே அச்சடிச்சேன்?"

"அது கூப்பிடறதுக்கு. கோர்ட்டுக்குப் பேர் வேணும்."

நெத்கா அறிக்கையை அடுக்கி, பின் அடித்துக் கொடுத்தாள்.

செப்டம்பரில் ஆறாம் மாதம் வந்தது. மின்கோவின் தாளைத் தயார் செய்யக் கணினி முன் உட்கார்ந்தாள். ஊராருக்கு எத்தனையோ தாள் எழுதியவள். 'உன் புன்னகை எங்களோடு', 'காலம் ஆற்றாத காயம்' எல்லாம் வரிசையாகக் கைவசம் இருந்தன. ஒன்றும் ஒட்டவில்லை. எதிரே சுவரில் கன்ச்சோவின் மரவாடி நாள்காட்டி தொங்கியது. போன வருடம் அவள்தான் அச்சடித்தாள். அட்டைப் படத்தில் வெட்டிய மரங்களுக்கு நடுவே, கழுவித் துடைத்த கறுப்பு ஜீப் கம்பீரமாக நின்றது. அந்தப் படம் கணினியில் இன்னும் இருந்தது.

அதை எடுத்துக் கறுப்பு ஓரத்துக்குள் வைத்தாள். பிறகு கை தானாக ஓடியது.

'ஆறு மாதம் ஆகிறது. திராட்சைத் தோட்டச் சாலையில், மின்கோ ஹின்கோவின் சைக்கிள் வழியில் வந்துவிட்ட காரணத்தால், நம் அன்புக்குரிய கறுப்பு ஜீப் தன் இடது முகவிளக்கையும் முன்தகட்டையும் நிறத்தையும் இழந்து அகால மரணம் அடைந்தது. தார்ப்பாய் போர்த்தி, கரும்பச்சைப் பெயின்ட் பூசி, சொந்த முற்றத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. ஆழ்ந்த மௌனத்தில் வாடும்: பார்த்தவர்கள், கேட்டவர்கள், குழாயைத் திறந்துவிட்டுப் பேசியவர்கள்.' ஒட்டியவர் பேர் வரவேண்டிய இடத்தில் 'பேர் வேண்டாம்' என்று போட்டாள்.

பயமில்லையா என்றால், இல்லை. ஆறு மாதமாக இந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மனிதனைக் கொன்றவனையே காட்டிக்கொடுக்காத ஊர், ஒரு தாளை ஒட்டினவளையா காட்டிக்கொடுக்கும்? விடிந்ததும் எப்போதும்போல் பசை வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் நாலு பேர் பார்த்தார்கள், வணக்கம் சொன்னார்கள், யார் போனது என்று விசாரித்தார்கள். "ஒரு பழைய வண்டி" என்றாள்.

அன்றைக்கு ரொட்டிக்கடையில் ரொட்டி விற்கவில்லை. மரத்தைச் சுற்றி நின்ற கூட்டம் நகரவில்லை. கிழவிகள் பழக்கதோஷத்தில் ஜீப்புக்கும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். படித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படிக்காதவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு மறுபடியும் சிரித்தார்கள். யாரோ கன்ச்சோவின் வாசலில் ரெண்டு செவ்வந்திப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நெத்கா கடைக் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

மத்தியானத்துக்குள் தாள்கள் எல்லாம் கிழிந்தன. நகரசபை ஒலிபெருக்கியில் மேயரின் குரல் வந்தது. "கௌரவமான குடிமகன் ஒருவரின் வாகனத்தை இறந்துபோனதாக அறிவித்த கயவர்கள்... ஊரின் மானம்... இது சாதாரணக் குற்றமல்ல... பார்த்தவர்கள் தயங்காமல் பேசுங்கள், பேர் வேண்டாம்!"

ஊர் பேசியது.

மறுநாள் காலை கத்யோ கடைக்கு வந்தான். கூடவே ஹாலந்து நிபுணர். திட்டத்தின் முதல் வெற்றியைக் கேள்விப்பட்டு நேரில் பார்க்க ஓடி வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் கிடைக்காததால், இளமையில் ஜெர்மனியில் காய்கறி பறித்தபோது கத்யோ கற்றுக்கொண்ட ஜெர்மன்தான் ரெண்டு பேருக்கும் பாலம். நிபுணர் கடைக்குள் நுழைந்ததும் பேனா பிடித்த கையாலேயே நெத்காவின் கையைக் குலுக்கினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த மாதிரி அஞ்சலித் தாள்களை ரசிக்கப் போய்விட்டார்.

கத்யோ ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தான். "பொது இடத்துல ஒழுங்கீனம். அபராதம் அண்ணி. இன்னும் ஒரு வருஷத்துக்கு நகரசபை இடத்துல எதையும் ஒட்டக் கூடாது."

"யாரு சொன்னது?"

"பேர் வேண்டாம்."

"கத்யோ."

"எல்லாரும்தான் அண்ணி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனை வைக்க முடியலை. லைன் கிடைக்கலன்னு நாலஞ்சு பேர் நேர்லயே வந்துட்டாங்க."

"சோன்காக்காவுமா?"

கத்யோ வாசல் பக்கம் பார்த்தான். "கூப்பிட்டாங்க. இந்தத் தடவை முட்டியைப் பத்திப் பேசலை."

நெத்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் ஒட்டினேன்னு எல்லாரும் எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொன்னாங்க?"

"விசாரணைன்னா கேட்டுத்தானே ஆகணும், நானும் கேட்டேன். எதுக்காக அவ ஒட்டணும்னு."

"என்ன சொன்னாங்க?"

கத்யோ தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"'அவ புருஷனைக் கன்ச்சோ வண்டியேத்திக் கொன்னான்ல, அதான் ஒட்டியிருக்கா'ன்னாங்க."

"எத்தனை பேர் அப்படிச் சொன்னாங்க?"

"கூப்பிட்ட அத்தனை பேரும்."

நிபுணர் சுவரிலிருந்த ஒரு செத்தவரைக் கைபேசியில் படம் பிடித்தார்.

"அதெல்லாம் பதிவாகியிருக்கா?"

"பதிவாகியிருக்கு."

"அப்ப இத்தனை சாட்சி இருக்கே கத்யோ!"

"அதுல பேர் இல்லையே அண்ணி."

"எனக்கு அபராதம் போட்டதுல மட்டும் பேர் இருந்துதா?"

"ஒழுங்கீனத்துக்குத் தகவல் போதும். கொலைக்குப் பேர் வேணும்." பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, கத்யோ தன் பூட்ஸைப் பார்த்தான். "என்னைப் பார்க்காதீங்க அண்ணி. எனக்கும் பொண்ணு காலேஜுக்குப் போகணும். கன்ச்சோ மனசு வச்சாத்தான்..."

"உம் பொண்ணைக் கையில ஏந்தி ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நின்னது யாரு?"

பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தான். இது தடித்த, வழவழப்பான காகிதம். காலாண்டு அறிக்கை. வண்ணத்தில் ஐம்பது பிரதி அச்சடிக்க வேண்டும். முதல் பக்கத்தில் மேயரின் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'மக்கள் பேசினார்கள். தீர்க்கப்பட்ட குற்றங்கள்: ஒன்று.'

"இதுக்கு ஓரம் என்ன நிறத்துல வேணுமாம்?" என்றாள் நெத்கா.

"ஓரமே வேண்டாம்னு மேயரு ஞாபகமாச் சொல்லி அனுப்பினாரு."

நிபுணர் சுவரை முடித்துவிட்டு மேசைக்கு வந்தார். சாதாரணக் குடிமக்களின் கருத்து இல்லாமல் அவருடைய அறிக்கை நிறைவு பெறாது. முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ கேட்டார். கத்யோ மொழிபெயர்த்தான்.

"இந்தத் திட்டம் உங்களுக்கு உதவியா இருந்துதான்னு கேக்கறாரு அண்ணி."

நெத்கா நிபுணரின் வெளிச்சமான முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். மெதுவாக, அழுத்தமாக, கண்ணில் நீர் தளும்பத் தளும்ப, நிறுத்தாமல் ஆட்டினாள்.

நிபுணருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. அவள் தோளைத் தொட்டுத் தட்டிக்கொடுத்தார். குறிப்பேட்டைத் திறந்து ரெண்டு வரி எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டார்.

அவர் எழுதியது தப்பென்று கத்யோவுக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றான். ஒரு வார்த்தை போதும். அவனுக்கு ஜெர்மனும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவனும் இந்த ஊர்க்காரன்தானே.